மீதித் தொண்ணூறு

தம்பி கண்ணாடிக் கடைக்கு வந்தபோது அவள் ஒரு தடித்த லென்ஸை ஃபிரேமுக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாராவது தோளைத் தொட்டால் போதும், லென்ஸின் ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். தம்பிக்கு அது தெரியும். அவள் தலை நிமிரும்வரை கவுன்ட்டருக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இவ்வளவு பொறுமையாக நிற்கிறான் என்றால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அவளுக்கும் தெரியும்.

"அக்கா, ஒரு மாஸ்க் செஞ்சு தரணும். துளி வெளிச்சம்கூட உள்ள போகக் கூடாது."

"எதுக்கு?"

"சனிக்கிழமை டெமோ இருக்குல்ல. கண் டாக்டர் ஒருத்தர் வர்றார். உனக்குக்கூட தெரியும், உங்க கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புவாரே, அவர்தான். கறுப்புத் துணி கட்டினா மூக்குப் பக்கம் இடைவெளி இருக்கும்னு சொல்றாராம். நீ செஞ்சு குடுத்தா அவரால வாயைத் திறக்க முடியாது."

அவள் சிரித்தாள். தம்பிக்கு வீட்டில் ப்ரொஃபசர் என்று பெயர். படிப்புக்காக வந்த பெயர் இல்லை. எட்டு வயதிலேயே எதையும் விளக்கிச் சொல்லாமல் அவனால் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க முடியாது. வளர்ந்த பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றான், வண்ண மீன் வளர்த்தான், ஒரு நண்பனோடு சேர்ந்து டிராவல்ஸ் நடத்தினான். கைவைத்ததெல்லாம் ஒரு வருஷத்துக்குள் படுத்துக்கொண்டது. இந்த வகுப்பு மட்டும்தான் மூன்றாவது வருஷத்தைத் தொட்டிருந்தது.

வகுப்பின் பெயர் 'மீதித் தொண்ணூறு'. மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், மீதித் தொண்ணூறு உறங்குகிறது, அதைச் சிறுவயதிலேயே எழுப்பிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம் என்பது அவன் பாடம். பிள்ளைகளுக்கு இசை போடுவான், மூச்சுப் பயிற்சி கொடுப்பான், கண்ணைக் கட்டி வண்ண அட்டைகளைக் கையில் கொடுப்பான். அவர்கள் நிறத்தைச் சொல்வார்கள். பிறகு எழுத்தை வாசிப்பார்கள். இப்போது பதினெட்டுப் பிள்ளைகள். அதில் முதலிடம் அவளுடைய மகளுக்கு.

மகளுக்கு ஒன்பது வயது. பார்க்கச் சின்னதாக இருந்தாலும் பேச்சில் காரம் இருந்ததால் மிளகு என்று பெயர் ஆகிவிட்டது. அப்பா கப்பலில் எஞ்சின் பார்ப்பவர், எட்டு மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது, அழைத்து வருவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்வது எல்லாம் மாமாதான். போன வருஷம் ஒருநாள் மிளகு சாப்பாட்டு மேசையில் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தித்தாளின் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அன்றைக்கு அம்மாவுக்குக் கண் கலங்கியது. நாள் முழுக்கக் கண்ணோடும் கண்ணாடியோடும் புழங்குகிறவள்தான். வெளிச்சம் உள்ளே போகாமல் எதையும் பார்க்க முடியாது என்று தெரிந்தவள்தான். ஆனாலும் பெற்ற பிள்ளை விஷயத்தில் தெரிந்ததையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இந்தத் தடவை வெறும் வாசிப்பு இல்லைக்கா," என்றான் தம்பி. "கட்டிடத்துக்குப் பின்னால இருக்கற முற்றத்துல கூம்பு வெச்சு, நடுவுல சைக்கிள் ஓட்டப் போறா."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"ரெண்டு நாளா ஓட்டிட்டுத்தானே இருக்கா. ஒரு கூம்புலயும் இடிக்கல."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மதியம் கடையின் மாடியில், லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்குப் பக்கத்து மேசையில், வேலையைத் தொடங்கினாள். நீச்சல் கண்ணாடி ஒன்றை வாங்கி உள்பக்கம் இரண்டு கோட் கறுப்பு அடித்திருந்தாள். ஓரம் முழுக்க மெத்தென்ற ரப்பர் ஒட்டினாள். மூக்குத் தண்டு வரும் இடத்தில்தான் கவனம் தேவை. ஒவ்வொரு மூக்கும் ஒரு தினுசு. பள்ளி விட்டு வந்த மகளை எதிரில் உட்காரவைத்து, மெழுகை மூக்கில் அழுத்தி அச்செடுத்து, ரப்பரை அதே வளைவில் வெட்டி ஒட்டினாள். நல்ல வேலை. அவளுக்கே திருப்தியாக இருந்தது.

"போட்டுப் பாரு."

மிளகு போட்டுக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் உம்முனு இருக்க?"

மிளகு ரப்பரின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, மூக்குகிட்ட மட்டும் கொஞ்சம் லூசா விடலாமா?"

"ஏன்?"

"மூச்சு முட்டுது."

"மூக்கை நான் மூடவே இல்லையேடி. கண்ணை மட்டும்தானே மூடியிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. கையிலிருந்த பசைக் குழாயை மூடி வைத்தாள். மகளின் முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டினாள்.

"எத்தனை விரல்?"

மிளகு தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

"மிளகு. எத்தனை?"

"ரெண்டு," என்றாள் குழந்தை. "நாலு. அம்மா, எனக்குத் தெரியலம்மா."

மாஸ்க்கைக் கழற்றிவிட்டபோது உள்ளே ரப்பர் நனைந்திருந்தது. அழுதது வெளியே தெரியாத அளவுக்குப் பொருத்தமாகச் செய்திருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. வகுப்பின் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் "தெரியுது, தெரியுது" என்றார்கள். மிளகுக்கு மட்டும் இருட்டாக இருந்தது. தெரியவில்லை என்றாள். மாமா திட்டவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. அடுத்த வகுப்பில் தலையைக் கொஞ்சம் தூக்கினால் மூக்கின் ஓரமாகக் கீழே ஒரு கீற்று தெரிகிறது என்று கண்டுபிடித்தாள். அட்டையை அந்தக் கீற்றுக்குள் கொண்டுவந்தால் போதும். சிவப்பு என்றாள். மாமா அவளைத் தூக்கிச் சுற்றினார்.

"மத்த பசங்க?"

"எல்லாரும் அப்படித்தான்மா. யாரும் யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டோம். ஆனா எல்லாருக்கும் தெரியும்."

"சைக்கிள்?"

"கீழ தரை தெரியும். கூம்போட அடி தெரியும். அதைப் பார்த்து ஓட்டுவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லாதம்மா. அவர் அழுவார்."

அன்று சாயங்காலமே அவள் தம்பியைப் பார்க்கப் போனாள். நான்கு மாடிக் கட்டிடம், கீழே டயர் கடை, முதல் மாடியில் அவன் கூடம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் பெரிய மூளைப் படம். அதில் ஒரு மூலை மட்டும் மஞ்சள், மீதியெல்லாம் சாம்பல்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் நாற்காலியைப் பிடித்தபடியே கேட்டான். முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவன் சுபாவத்துக்கு அது புதுசு.

"பயப்படறாக்கா," என்றான் கடைசியில். "பெரிய கூட்டம் வருதுன்னா எந்தக் குழந்தையும் இப்படித்தான் பேசும். பேசறது அந்தப் பத்து சதவீதம்."

"நான் மூணு விரல் காட்டினேன். ரெண்டுன்னா, அப்புறம் நாலுன்னா."

"நீ சந்தேகத்தோட கேட்டிருப்ப. அம்மா நம்பலைன்னா குழந்தைக்கு அடைச்சுக்கும்."

"நான் செஞ்ச மாஸ்க்டா அது. எனக்குத் தெரியாதா?"

"உனக்கு லென்ஸ் தெரியும்க்கா. மூளை தெரியுமா?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "சரி, உனக்குத் தெரியும்ல? இப்பவே ஒரு பையனைக் கூப்பிடு. மாஸ்க்கைப் போட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்லு. வாசிச்சுட்டா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

அவன் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து வரிசையில் சேர்த்தான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"மாஸ்க் தர மாட்டேன். மிளகு வர மாட்டா," என்றாள். "டெமோவை நிறுத்து. என்ன காரணம் வேணும்னாலும் சொல்லிக்கோ, என் மேலயே பழியைப் போடு."

"சரிக்கா," என்றான். "விடு, பார்த்துக்கறேன்."

நிறுத்துகிறேன் என்று அவன் சொல்லவில்லை. படியிறங்கும்போது அது அவள் மண்டையில் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கண் டாக்டரே கடைக்கு வந்தார். அவருடைய கண்ணாடியின் காது வளைவு தளர்ந்திருந்தது. ஒல்லியான மனிதர். அதிராமல் பேசுவார்.

"நாளைக்கு உங்க பொண்ணைப் பார்க்கப் போறேன்," என்றார்.

திருகாணியைத் திருகிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "நாளைக்கு நடக்காது டாக்டர்."

"அப்படியா? காலையிலகூட உங்க தம்பி போன் பண்ணினாரே. பதினொரு மணிக்குக் கண்டிப்பா வாங்கன்னாரே."

அவள் திருகாணியை முடுக்கினாள். பிறகு கேட்டாள். "அந்தப் பத்து சதவீதம்னு சொல்றாங்களே டாக்டர், அது கொஞ்சமாவது உண்மையா?"

"என்கிட்ட வாரத்துல ரெண்டு பேராவது வர்றாங்கம்மா. கண்ணு சுத்தமா இருக்கும். ஆனா தட்டுல பாதிச் சாப்பாடு தெரியாது, கதவுல ஒரு பக்கம் இடிச்சுக்குவாங்க. பார்த்தா பின்மண்டையில, மூளையில, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ரத்தம் போகாம செத்துப்போயிருக்கும்." விரலால் பின்தலையைத் தொட்டுக் காட்டினார். "தொண்ணூறு சும்மா கிடக்குதுன்னா அதுல ஒரு நெல்லிக்காய் போனா என்ன? இத்தனை வருஷத்துல, இந்த இடத்துல அடிபட்டுச்சு, ஒண்ணும் குறையலைன்னு யாரும் என்கிட்ட வந்ததில்லை. மூளை தூங்கும்போதுகூட வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும்."

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் கூடப் பிறந்தவன். அவன் தலையை ஊரார் முன்னால் குனியவைப்பது தன் வாயாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் போனதும் தம்பிக்கு நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. 'நிறுத்தியாச்சா?' என்று செய்தி அனுப்பினாள். 'கவலைப்படாதே' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மிளகுக்கு அரைநாள் பள்ளி. பத்தரைக்கு விடுவார்கள். அன்றைக்கு மட்டும் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று அவள் மகளிடம் சொல்லியிருந்தாள். கடையில் கூட்டம். அவசரமாக ஒரு ஜோடி லென்ஸ் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பத்து இருபதுக்கு மாடியிலிருந்து இறங்கினாள். பையை எடுக்கக் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். மாஸ்க் வைத்திருந்த டப்பா காலியாக இருந்தது.

"அதுவா? உன் தம்பி வந்து வாங்கிட்டுப் போனாரேம்மா," என்றார் கடை முதலாளி. "அக்கா எடுத்துக்கச் சொன்னாங்கன்னார். மிஷின் ஓடிட்டிருந்துச்சு, உன்னைக் கூப்பிடல."

அவள் பள்ளிக்குப் போன் செய்தாள். மணி அடிக்கும் முன்பே மாமா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போய்விட்டார் என்றார்கள். அழைத்துப்போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. அவளே எழுதிக்கொடுத்தது.

பஸ் வரவில்லை. டாக்சியில் ஏறினாள். பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு கையில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். நாற்பது வயதில் கடைசியாக எப்போது ஓடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் உதறிவிட்டு ஓடினாள்.

அந்த முற்றம் அவளுக்குத் தெரிந்த இடம்தான். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கத்தில், வலது மூலையில், அடித்தளத்தில் வண்டி நிறுத்தப் போகும் சரிவு. செங்குத்தாக இறங்கி ஒரு கான்கிரீட் தூணில் போய் முடியும். வழக்கமாகக் குறுக்கே ஒரு சங்கிலி இருக்கும். ஓடும்போது அந்தச் சங்கிலியைத்தான் நினைத்துக்கொண்டே ஓடினாள்.

டயர் கடைக்குப் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. ஆள் இல்லை போலிருக்கிறது, நிறுத்திவிட்டான் போலிருக்கிறது என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. சந்து முடிந்ததும் பார்த்தாள். ஐம்பது அறுபது பேர் சுவரோரமாக நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் போன். யாரும் மூச்சு விடுவதாகக்கூடத் தெரியவில்லை. தம்பி கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். நடுவில் மிளகு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்க். மூக்கோடு ஒட்டிப் பொருந்தியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் அதில் ஓட்டை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அந்தக் குழந்தையும்.

கத்த வாயைத் திறந்தாள். கத்தவில்லை. குழந்தையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ எண்ணுகிறாள். இப்போது கத்தினால் எண்ணிக்கை தவறும். தவறினால் எங்கே போவாள் என்று தெரியாது. மிளகு முதல் கூம்பைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள். கச்சிதமாக இருந்தது. கூட்டத்தில் யாரோ "ஆஹா" என்று முனகினார்கள். ஐந்து மிதி. வலது பக்கம் திரும்பினாள். இரண்டாவது கூம்பு அவள் முழங்காலைத் தொடாமல் பின்னால் போனது.

அம்மா சுவரோரமாக, மனிதர்களை இடித்துக்கொண்டு, சரிவு இருந்த மூலையை நோக்கி நகர்ந்தாள். அப்போதுதான் சங்கிலி கண்ணில் பட்டது. கொக்கியிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. காலையில் யாரோ வண்டியை இறக்கியிருக்கிறார்கள். திரும்ப மாட்டவில்லை.

"யாராவது அங்க நில்லுங்க," என்றாள் அருகிலிருந்தவரிடம். அவர் "உஷ்" என்றார்.

மூன்றாவது கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சைக்கிள் கிளம்பும் முன் டாக்டர் கேட்டிருக்கிறார், ஒரே ஒரு கூம்பை நகர்த்தி வைக்கலாமா என்று. தாராளமாக என்று தம்பி மைக்கிலேயே சொல்லியிருக்கிறான். மாஸ்க்கைப் போட்டு, காதில் பாட்டுப் போடும் ஹெட்போனையும் மாட்டியிருந்ததால் மிளகு அதைக் கேட்கவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அம்மா கண்டது முன்சக்கரம் கூம்பில் மோதியதையும், ஹேண்டில்பார் ஒடித்துக்கொண்டு திரும்பியதையும்தான். மிளகு விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். தடுமாறி நிமிர்ந்தாள். விட்ட இடத்திலிருந்து எண்ண முயன்றாள். மிதித்தாள். சைக்கிள் நேராகச் சரிவைப் பார்த்து வந்தது.

"பிரேக் பிடி! மிளகு, பிரேக்!"

ஹெட்போன். அவள் காதில் விழவில்லை.

அம்மா ஓடிப்போய்ச் சரிவின் வாயில் நின்றாள். குழந்தை அவளை நோக்கி வந்தது. முகத்தில் பயம்கூட இல்லை, கவனம் மட்டும்தான் இருந்தது. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் குழந்தையின் இடுப்பையும் பிடித்தாள். வேகம் அவள் நினைத்ததைவிட அதிகம். மூன்றும் சேர்ந்து சாய்ந்தன. குழந்தை அவள் மேல் விழுந்தாள். அம்மாவின் இடது மணிக்கட்டு சரிவின் ஓரக் கல்லில் அகப்பட்டு நொறுங்கும் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. சைக்கிள் அவள் காலடியிலிருந்து நழுவிக் கீழே போனது. தூணில் மோதிய ஓசை கட்டிடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

மிளகு மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சரிவைப் பார்த்தாள். பிறகு, ஓடிவந்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்து, அழாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு எதுவும் தெரியாது மாமா. நான் மிதியை எண்ணித்தான் ஓட்டினேன். எப்பவும் மூக்கு வழியா கீழ பார்ப்பேன், இன்னைக்கு அதுவும் தெரியல."

தம்பி கையிலிருந்த மைக் இன்னும் உயிரோடு இருந்தது. குழந்தையின் குரல் அதில் ஏறி முற்றம் முழுக்கக் கேட்டது. அவன் அதை அணைக்க மறந்து நின்றான். பிள்ளைகள் வரிசையில் பல் விழுந்த ஒரு பையன் தன் அம்மாவிடம், "நானும் அப்படித்தான்மா பார்ப்பேன்," என்றான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் இன்னொரு குழந்தை அழ ஆரம்பித்திருந்தது.

டாக்டர் குனிந்து உட்கார்ந்து, மிளகின் அம்மாவுடைய கையை ஒரு அட்டையில் வைத்துத் துணியால் சுற்றினார். கூம்பை நகர்த்தியது நான்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு உடைந்திருந்தது. முழங்கைவரை கட்டு. ஆறு வாரம் லென்ஸ் வேலை கிடையாது என்றார்கள். முதலாளி அவளைக் கவுன்ட்டரில் உட்காரவைத்தார். தம்பி எட்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மிளகு உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். "நீ அந்த மாஸ்க்ல சின்னதா ஒரு இடைவெளி விட்டிருக்கலாம்க்கா."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பேச்சுக்குள் இருந்தது என்னவென்று புரிந்தது.

"அப்போ உனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் சட்டை நுனியை மடித்தான், பிரித்தான்.

"எப்போலேர்ந்துடா?"

"தெரியும்னு சொல்ல முடியாதுக்கா. தெரியாம பார்த்துக்கிட்டேன்." "எல்லாப் பசங்களும் வாசிக்கறப்போ தலையை ஒரே மாதிரி தூக்குவாங்க. முதல் வருஷமே பார்த்தேன். அன்னையிலேர்ந்து பசங்களுக்குப் பின்னாடி நின்னுதான் பாடம் நடத்தினேன். முன்னாடி போய் நிக்கவே இல்லை."

"தெரிஞ்சும் அவளைச் சைக்கிள்ல ஏத்தினியே."

"கார்ல வரும்போது கேட்டேன், உன்னால முடியுமான்னு. முடியும் மாமான்னா. ஒருவேளை இவளுக்காவது நிஜமாவே வந்துடுச்சோன்னு தோணிச்சு. நான் சொன்னது ஒரு தடவையாவது உண்மையா இருக்கணும்னு…"

அவள் அவனை ஆறுதல்படுத்தவில்லை. படுத்த முடியவில்லை. அவன் உட்கார்ந்தே இருந்தான். போகச் சொல்லியிருந்தால் போயிருப்பான். அவள் போகச் சொல்லவும் இல்லை.

மிளகு கதவருகே வந்து நின்றாள். "மாமா, காபி வேணுமா?" என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். அவள் போகவில்லை.

"எப்படி ரெண்டு கூம்பு தாண்டின?" என்று அவன் கேட்டான்.

"ஒன்பது மிதி, இடது. அஞ்சு மிதி, வலது. வெள்ளிக்கிழமை ஸ்கூல் மைதானத்துல ஃபிரெண்டோட சைக்கிள்ல கண்ணை மூடிக்கிட்டுப் பழகினேன், நாற்பது தடவை இருக்கும். மூணாவதும் சரியா வந்திருக்கும் மாமா. அதை மாத்திட்டாங்க."

"ஏன் பழகின? அம்மாதான் வேண்டாம்னுட்டாங்களே."

"நீங்க எப்படியும் கூப்பிடுவீங்கன்னு தெரியும்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மிளகு அவன் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை. அம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை மன்னித்துவிட்டாளா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். பள்ளியில் அந்தப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதை அவனிடம் சொன்னாள். அவன் சரி என்றான்.

மறுவாரம் அவன் கூடத்தைக் காலி செய்தான். மூளைப் படத்தைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டான். அது தொட்டிக்குள் அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பதினெட்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னான். மிளகின் வீட்டுக்குச் சொல்லியாயிற்று, மீதி பதினேழு. போனில் சொன்னால் போதாதா என்று அவள் கேட்டாள். போனில் என்றால் எப்படியும் சமாளித்துவிடுவேன், அதனால்தான் நேரில் என்றான். கூட வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வாசலில் வந்து நின்றபோது அவளே கட்டுப்போட்ட கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினாள். மிளகும் வருவேன் என்றாள்.

முதல் வீடு பல் விழுந்த பையனுடையது. மூன்றாவது மாடி. அழைப்பு மணியை அழுத்தத் தம்பி விரலைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கி அழுத்தினான். பையனின் அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நாள் முழுக்கப் பேசினாலும் பேச்சு தீராத ப்ரொஃபசர் வாசலில் நின்று நான்கு வாக்கியம்தான் பேசினான். நான் சொல்லிக்கொடுத்தது பொய். எனக்கு அது தெரியும். உங்கள் பையன் மேல் தப்பில்லை. அவனைத் திட்டாதீர்கள்.

அந்தப் பெண் அவனையும், கட்டுப்போட்ட கையையும், ஒரு படி கீழே நின்ற மிளகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏற்கெனவே திட்டிட்டேனே," என்றாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

சாத்தியிருந்த கதவின் முன்னால் அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அடுத்த முகவரியைப் பார்த்தான். கண்ணில் நீர் நின்றதால் எழுத்து பிடிபடவில்லை. மிளகு அதை அவன் கையிலிருந்து வாங்கி, எந்தத் தெரு என்று உரக்க வாசித்தாள்.

மூன்று பேரும் படியிறங்கினார்கள்.